சிப்பாயின் கட்டுச்சோறு: வன்னிக் குசினியில் இருந்து ஒரு தொடக்கம்

கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர், உப்பு இரண்டு தேக்கரண்டி. இந்த மூன்றும் இல்லாத குசினி வன்னியில் கிடையாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினர் முதுகில் சுமந்த பிஸ்கற்றும் இவற்றால்தான் ஆனது. பழைய காலத்துப் படையினர் களத்தில் என்ன சாப்பிட்டார்கள், அதை எப்படிச் செய்து பார்ப்பது, எதைச் சேகரிப்பது என்று கேட்டு வருகிற இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், மாவைப் பிசையுங்கள்.

காரணம் இருக்கிறது. களத்து உணவின் வரலாறு முழுவதும் மூன்று கேள்விகளைச் சுற்றியே ஓடுகிறது. ஒருவன் எவ்வளவு பாரம் சுமப்பான்? அந்தப் பாரத்தில் தண்ணீர் எவ்வளவு? அது எத்தனை நாள் பழுதாகாமல் இருக்கும்? கண்ணாடி அலுமாரியில் வைத்த பேணியைப் பார்த்து இவற்றை விளங்கிக்கொள்ள முடியாது. ஈரம் போகாத பிஸ்கற் ஒன்று உங்கள் கையில் பூஞ்சணம் பிடித்தால் ஒரே நாளில் விளங்கிவிடும். நம்மவர்களுக்கு இந்த அறிவு புதிதும் இல்லை. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கி மாதக்கணக்கில் வைத்துத் தின்ற குடும்பங்களில் இருந்துதான் நாம் வருகிறோம்.

மாவைப் பிசையுமுன் இரண்டு விடயங்களைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் வன்னிக்கே உரியவை.

மண்ணில் கிடப்பதைத் தொடாதீர்கள்

ஐரோப்பாவில் பழைய போர்க்களங்களில் நடந்து திரிந்து துருப்பிடித்த பேணிகளைப் பொறுக்குகிறவர்கள் உண்டு. வன்னியில் அந்தப் பேச்சே வேண்டாம். இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. துருவேறிய பால்பேணி போலத் தெரிவது பால்பேணியாகத்தான் இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. பழைய மண்அணையோ, பதுங்குகுழி இருந்த பள்ளமோ, பற்றை மூடிய காணியோ, எங்கே தகரத்தைக் கண்டாலும் குனியாதீர்கள், காலால் தட்டாதீர்கள், தடியால் கிளறாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ சொல்லுங்கள். சீருடைத் துணி, ரவைக்கோது, படை அடையாளம் உள்ள பைகள் ஆகியவையும் வேண்டாம். அவற்றால் வீட்டுக்குச் சட்டச் சிக்கல் வந்து சேரும். உணவோடும் உணவின் தாள்களோடும் நின்றுகொள்ளுங்கள். அதிலேயே வாழ்நாள் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

இரண்டாவது விடயம் அயலவர் பற்றியது. ‘உலருணவு’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் வயது வந்த எவருக்கும் சிப்பாய் நினைவுக்கு வரமாட்டான். வரிசைதான் நினைவுக்கு வரும். 2009இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமும், அளந்து கொடுத்த அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெயும் நினைவுக்கு வரும். நான் செய்த பிஸ்கற்றுகளை ஒருநாள் விறாந்தையில் பரப்பி வைத்திருந்தேன். அடுத்த வளவில் இருக்கும் அக்கா வந்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை ஆசைக்கா செய்கிறாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவர் படியில் உட்கார்ந்து, 2009இன் மாசி, பங்குனி மாதங்களில் ஒரு சுண்டு அரிசியில் எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சினார் என்று சொன்னார். சுண்டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே அரிசி நிற்கும் அளவை விரலை மடித்துக் காட்டினார். அவருடைய சம்மதத்தோடு அதை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். படைகளின் உணவைப் பற்றி அதற்குப் பிறகு எழுதிய எல்லாம் அந்தப் பக்கத்துக்குப் பின்னால்தான் வருகின்றன.

ஆகவே, செய்து பார்ப்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்கு வேடிக்கையாக நீட்டாதீர்கள். ஒவ்வொரு மே மாதமும் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் சேர்த்துக் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சேகரிப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது நினைவுகூரல். அதை அதற்குரிய இடத்தில், அதற்குரிய நாளில் கையேந்தி வாங்கிக் குடிக்க வேண்டும்.

பிஸ்கற்

இனி மா. கடையில் கிடைக்கும் சாதாரணக் கோதுமை மா போதும். எண்ணெய், மாஜரீன், அப்பச்சோடா எதுவும் சேர்க்கக் கூடாது. கொழுப்புச் சேர்ந்தால் சில வாரங்களில் காறிப்போகும். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய உணவுக்குக் கொழுப்பு எதிரி.

1. உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவு உப்பு கிடைத்தால் நல்லது, கட்டாயம் இல்லை. அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டுக் குழையுங்கள். ரொட்டிக்குக் குழைப்பதைவிட நன்றாக இறுக்கமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு நோகும். நோகவில்லை என்றால் தண்ணீர் கூடிவிட்டது.

2. ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி, பக்கத்துக்கு 7.5 சென்ரிமீற்றர் வரும்படி சதுரமாக வெட்டுங்கள்.

3. ஒவ்வொன்றிலும் நான்கு வரிசையாக 16 துளைகள் இடுங்கள். கழுவித் துடைத்த ஆணி நல்லது. ஈர்க்கு வளைந்துவிடும். துளை அடிவரை போக வேண்டும். உள்ளே நீராவி தங்கினால் பிஸ்கற் உப்பி, நடுவில் வெற்றிடம் விழுந்து, அங்கேதான் முதலில் ஈரம் குடியேறும்.

4. 190 பாகை செல்சியஸில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் வீதம் இரண்டு பக்கமும் வேகட்டும்.

நான்காவது படியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். வன்னியில் எத்தனை வீட்டில் மின்போறணை இருக்கிறது? அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் விறகுப் போறணை வைத்துப் பாண் போடுகிற பேக்கரி ஒன்று இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். அதிகாலைப் பாணை இழுத்த பிறகு போறணை மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கும். அந்த ஆறுகிற சூடுதான் இந்தப் பிஸ்கற்றுக்கு வேண்டியது. முதலில் வேகும், பிறகு மணிக்கணக்கில் உலரும். எனக்கு இடம் தந்த பேக்கரிக்காரர் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, காலைத் தேநீருக்கு வா, அப்போது எடுக்கலாம் என்றார். நான் வீட்டு அடுப்பில் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து மூடிச் சுட்டுப் பார்த்ததைவிட அது எவ்வளவோ திறமாக வந்தது.

ஆறிய பிறகு சுளகில் பரப்பி, மெல்லிய துணி போட்டு, இரண்டு முழுநாள் வெயிலில் வையுங்கள். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி படக் கூடாது. சரியாகக் காய்ந்ததா என்று அறிய இரண்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். ஓட்டுத்துண்டுகள் மோதுவது போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் ஒன்றைச் சுத்தியலால் உடைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். வெளிப்புறம் போலவே நடுவும் தூள் பறக்க உடைந்தால் சரி. நடுவில் மட்டும் சற்றுக் கறுத்து, நகம் பட்டால் பள்ளம் விழுகிற கோடு தெரிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

நான் முதன்முதலில் செய்தது கார்த்திகையில். வாடைக்காற்று, விடாத மழை. சுட்ட சூடு ஆறுமுன்பே பால்மாப் பேணியில் போட்டு மூடிவிட்டேன். ஒன்பதாம் நாள் திறந்தபோது நனைந்த சாக்கின் மணம் வந்தது. ஒவ்வொரு துளையின் வாயிலும் பச்சைப் பூஞ்சணம் மயிர் போல எழுந்து நின்றது. அன்று முழுவதும் மனம் சரியில்லை. பிறகுதான் படித்தேன், அந்த அமெரிக்கப் போரிலும் மழையில் கிடந்த பெட்டிகளின் பிஸ்கற் இப்படித்தான் பழுதாகி வந்ததாம். காலம் தெரிந்து செய்யுங்கள். சித்திரையில் இருந்து ஆவணி வரை, சோளகம் வீசுகிற நாட்கள்தான் உகந்தவை.

இதைக் கடிக்க முயலாதீர்கள், பல் போய்விடும். அன்றைய சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒன்பது அல்லது பத்து கொடுத்தார்கள். அவன் அதைத் துவக்கின் அடிக்கட்டையால் நொறுக்கிச் சுடுகோப்பியில் போட்டான். உள்ளே வண்டு இருந்தால் கோப்பியின் மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிட்டுக் குடித்தான். அல்லது குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துப் பன்றிக்கொழுப்பில் பொரித்தான். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த பிஸ்கற்றும் இதே இனம்தான். அதன் முதுகில் முகவரி எழுதி ஊருக்குத் தபாலில் அனுப்பியவர்களும் இருந்தார்கள். நீங்கள் பிளேன்ரீயில் ஊறவைத்துத் தொடங்கலாம். கால் மணி நேரத்தில் ஓரம் இளகும், நடு இளகாது.

பட்டாணிக் கட்டி

அடுத்தது ஜேர்மனியர்களுடையது. 1867இல் பெர்லின் சமையற்காரர் குரூனபேர்க் பட்டாணி மா, பன்றிக்கொழுப்பு, வெங்காயம், உப்பு, வாசனைச் சரக்கு ஆகியவற்றை ஒன்றாகப் பிசைந்து குழல் வடிவில் அடைத்தார். பிரஷ்ய அரசு செய்முறையை விலைக்கு வாங்கியது. 1870, 1871இல் பிரான்ஸோடு நடந்த போரில் அந்தப் படை அதைக் கரைத்துக் குடித்தே நடந்தது. ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டால் கூழ் தயார். இன்றைக்குக் கடையில் விற்கிற சூப் கட்டிகளின் மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

செய்ய வேண்டியது இதுதான். உடைத்த பட்டாணி 250 கிராமை மெத்தென்று அவித்து, வடித்து, மெல்லியதாகப் பரப்பி ஒரே நாள் கடும் வெயிலில் சுருங்கக் காயவிடுங்கள். கல்லுப்போலக் காய்ந்ததும் மில்லில் கொடுத்து மாவாக அரையுங்கள். அவித்துக் காயவைத்த மா கொதிநீரில் விரைவாகக் கரையும். புழுங்கல் முறையின் பலன் இது. இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, 100 கிராம் கொழுப்பில் ஈரம் முற்றாகப் போகும்வரை பொன்னிறமாக வதக்குங்கள். மாவையும் இரண்டு தேக்கரண்டி உப்பையும் மிளகுத்தூளையும் சேர்த்துச் சூட்டோடு பிசைந்து, எண்ணெய்த்தாளில் குழலாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். நாம் செய்வது தொழிற்சாலைப் பொருள் இல்லை. ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 50 கிராம் துண்டுக்குக் கால் லீற்றர் தண்ணீர், பத்து நிமிடக் கொதி.

இங்கே ஒரு வன்னித் தடை உண்டு. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் பருப்பு வகைகள் அவிவதற்கு நேரம் எடுக்கும், சிலவேளை மணிக்கணக்கில் கொதித்தாலும் நடு விறைத்தே இருக்கும். மழைநீரிலோ சுத்திகரித்த குடிநீரிலோ அவியுங்கள். இரண்டிலும் ஒரு பிடி போட்டு அவித்து நேரத்தைக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. வரைபடத்தில் ஒரே அளவு உணவோடு புறப்பட்ட இரண்டு படைகள் வேறு வேறு கிணறுகளில் வேறு வேறு சாப்பாடு சாப்பிட்டிருக்கும் என்பது அப்போது தெரியும்.

பன்றிக்கொழுப்பு வேண்டாதவர்கள் நெய் சேர்க்கலாம். ஆனால் குறிப்பேட்டில் "கொழுப்பு மாற்றப்பட்டது: நெய்" என்று எழுதிவிடுங்கள். மாற்றுவதில் தவறில்லை, மறைப்பதில்தான் தவறு. உணவு விலக்குகளைப் படைகளே மதிக்க வேண்டி வந்ததும் உண்டு. 1914இல் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியப் படையினருக்கு ஆட்டா மா, பருப்பு, நெய், வெல்லம் என்று தனிப் பங்கீடு இருந்தது. ஆடுகளைக்கூட அவரவர் வழக்கப்படி வெட்ட ஏற்பாடு செய்தார்கள்.

பேணியில் அடைத்தவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யக் கூடாதது இது. உணவைப் போத்தலில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் வழியைக் கண்டதற்காக நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். 1813இல் லண்டனில் பிரையன் டொன்கின் தொழிற்சாலை தகரப் பேணிகளைப் படைகளுக்கு வழங்கத் தொடங்கியது. பேணி திறக்கும் கருவி அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும், களத்தில் துவக்குமுனைக் கத்தியும்.

இறைச்சியைப் பேணியிலோ போத்தலிலோ அடைத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். பொட்டுலினம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 பாகை சூடு வேண்டும். நச்சு உண்டாகிவிட்டால் மணத்தாலோ நிறத்தாலோ அதை அறிய முடியாமல் போகலாம். கடையில் கிடைக்கும் உப்பிட்ட மாட்டிறைச்சிப் பேணி ஒன்றை வாங்கிப் பிஸ்கற்றோடு சாப்பிட்டுப் பார்ப்பதே போதும். வைகாசி நண்பகலில் முற்றத்து நிழலில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் கொழுப்பு உருகி வழியும். 1915இல் துருக்கியின் கலிப்போலிப் போர்க்களத்தில் கோடை வெயிலில் இருந்தவர்கள் இதைப் பற்றித்தான் ஓயாமல் முறையிட்டார்கள். திறந்ததை உடனே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

வெயிலுக்கு உருகாத சொக்லேற் ஒன்றை 1937இல் அமெரிக்கப் படைக்காக ஹேர்ஷி நிறுவனம் செய்தது. லோகன் என்ற கப்டன் கேட்ட தகுதிகள்: நான்கு அவுன்ஸ் பாரம், நிறைந்த சக்தி, சூட்டைத் தாங்க வேண்டும், அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மட்டும் சுவையாக இருக்க வேண்டும். சுவை கூடினால் ஆபத்து வருமுன்பே தின்றுவிடுவார்கள் என்ற கவலை. கட்டி ஒன்றில் 600 கலோரி. கொக்கோ, சீனி, பால்மா, வறுத்த ஓட்ஸ் மா ஆகியவற்றைக் கொக்கோக் கொழுப்பில் பிசைந்து அச்சில் அழுத்தினால் அதற்கு அருகில் வரலாம். உங்கள் கட்டி முற்றத்து வெயிலில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

இனிச் சேகரிப்பு

வெளிநாட்டு ஏலங்களைப் பார்க்குமுன் உங்கள் வீட்டு அலுமாரியைப் பாருங்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கோதுமை மா வீட்டுக்குள் வந்தது. அதே காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இயங்கியது. பாட்டனார் காலத்துப் பெட்டகத்தில் பழைய கூப்பன் புத்தகம் ஒன்று காணி உறுதிகளுக்கு இடையில் மடிந்து கிடக்கலாம். ஒரு அமெரிக்கப் பேணியைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும். இடம்பெயர்வுகளில் எல்லாம் தொலைந்த வீடுகளில் தாள் இருக்காது. அங்கே அளவுகளை நினைவில் வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதே சேகரிப்பு.

வாங்குவதாக இருந்தால் வெறும் பேணி, வெறும் பெட்டி, சிட்டை ஆகியவற்றில் தொடங்குங்கள். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் ‘கே’ பங்கீட்டுப் பெட்டி நல்ல பாடப்பொருள். ஒரு நாளைக்கு மூன்று பெட்டி: காலை, பகல், இரவு. இறைச்சி அல்லது சீஸ் பேணி, பிஸ்கற், கோப்பித்தூளோ எலுமிச்சைத்தூளோ, சூயிங்கம், சிகரெட். உள்பெட்டி மெழுகு பூசியது. அதைக் கொளுத்தினால் ஒரு கோப்பை கோப்பி சூடாகும் அளவுக்கு எரியும். அதனால்தான் முழுப் பெட்டிகள் இன்று அரிதாகக் கிடைக்கின்றன, பெரும்பாலானவற்றைச் சிப்பாய்களே எரித்துவிட்டார்கள். தொடங்குகிறவர் அச்சிட்ட நகல் பெட்டியை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நகலை நகல் என்று விற்கிறவரிடம் வாங்குங்கள்.

உணவு உள்ள பேணி கைக்கு வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். மூடி மேலெழுந்து உப்பியிருக்கிறதா, ஒட்டுவாயில் ஒட்டும் பசைபோல ஏதும் கசிகிறதா, துரு ஊசித்துளையாகி உள்ளே போய்விட்டதா. ஒன்று இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய பேணிகளின் ஒட்டில் ஈயம் இருக்கும். கையாண்ட பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், சிறுவர்களிடம் கொடுக்கக் கூடாது. பழைய படை உணவைத் திறந்து சாப்பிட்டுக் காட்டுகிற காணொளிகளைப் பார்த்துவிட்டு அதையே செய்ய முயல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறுபது வருடப் பேணியின் சுவையைத் தெரிந்துகொள்ள ஒரு உயிரைப் பணயம் வைக்க எந்த வரலாறும் கேட்கவில்லை.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிற உறவினரிடம் இன்றைய படைப்பொதி ஒன்றைக் கொண்டுவரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்குள் இருக்கும் தீயில்லா வெப்பமூட்டி தண்ணீர் பட்டால் கொதித்து, எரியக்கூடிய ஐதரசன் வாயுவை விடும். அதை எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். இறைச்சி உள்ள பொருளுக்குச் சுங்கத்தில் தனி விதிகள் உண்டு. மாமாவோ சித்தியோ விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம்.

வைப்பது எப்படி? சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், மாரியில் தரை வியர்க்கும். பலகைத் தட்டில், சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தாள்களையும் பெட்டிகளையும் இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு வைத்து, கறையான் வழி தெரியும் இடத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். பிஸ்கற்றோ அட்டைப்பெட்டியோ புதிதாக வந்தால் பொலித்தீனில் சுற்றி ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டும் முட்டையும் சாகும். எடுத்த உடனே பொதியைத் திறக்காதீர்கள், குளிர் முற்றாக விட்ட பிறகு திறந்தால் ஈரம் படியாது. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அந்தத் துருவோடு எழுத்தும் போய்விடும்.

குறிப்பேட்டை மறக்காதீர்கள். திகதி, காலநிலை, எந்தத் தண்ணீர், எத்தனை கிராம், எதை எதனால் மாற்றினேன், எத்தனையாம் நாள் எப்படி இருந்தது. இவ்வளவு போதும். சுவை பற்றி எழுதும்போது "நன்றாக இல்லை" என்று எழுதாமல், நாக்கில் எது முதலில் பட்டது, தொண்டையில் எது நின்றது என்று எழுதுங்கள்.

நமது மண்ணில் நடந்த பொதி

பிஸ்கற்றும் பட்டாணிக் கட்டியும் கைவந்த பிறகு இதைச் செய்யலாம். இது படையின் பங்கீடு இல்லை, ஒரு கைதியின் பொதி. ஆனால் வன்னிக் காட்டைக் கடப்பதற்கென்றே கட்டப்பட்டது. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது வருடம் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் ஒரு தோழரோடு அநுராதபுரத்தில் இருந்து அருவி ஆற்றை ஒட்டி நடந்து, ஒல்லாந்தர் வசம் இருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். பொதியில் என்ன இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளைக்கான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை, மழைக்கு ஒதுங்க இரண்டு தாளிப்பனை ஓலை, கருப்பட்டி, பலகாரம், புகையிலை, வெற்றிலை, தீமூட்டும் பெட்டிகள், முள்ளுக்குச் செருப்புத் தைக்க ஒரு மான்தோல். பாதி உணவு, மீதி பெரும்பாலும் தண்ணீரும் நெருப்பும் காலும் பற்றிய கவலை. இதைவிட நேர்மையான பட்டியலை நான் எந்தப் படையின் கையேட்டிலும் பார்த்ததில்லை.

மிளகாய் போடாதீர்கள், அவர் எழுதியது மிளகு. வன்னிக்காரர் என்று பனங்கட்டியும் போடாதீர்கள். மலைநாட்டில் இருந்து கொண்டுவந்த கருப்பட்டி என்பதால் கித்துள்தான் பொருந்தும். மான் இறைச்சி தேடிப் போவது சட்டப்படி குற்றம். ஆட்டிறைச்சியை விரல் தடிப்புக் கீலங்களாக அரிந்து உப்பும் மிளகும் தடவி, ஈ மொய்க்காத வலைக்குள் வெயிலிலும் மாலையில் அடுப்புப் புகையிலும் வற்றவிடுங்கள். நடக்கும் நாள்வரை குளிரில் வைத்து, சோற்றோடு சேர்த்து நன்றாகக் கொதித்த பிறகுதான் சாப்பிட வேண்டும். மீனுக்குக் கட்டாக் கருவாடு. அரிசி ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்று நான் கணக்கு வைத்தேன். பத்து நாளைக்கு நான்கு கிலோ. முதுகில் வைத்தால் முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது.

முழு வழியையும் நடக்க நினைக்காதீர்கள். ஆற்றங்கரைக் காட்டில் யானை உண்டு. சிலாவத்துறையில் இருந்து அரிப்புவரை, வீதியை விட்டு இறங்காமல் நடந்தாலே போதும். நானும் மருமகனும் ஆடி மாதத்தில் ஒரு நாள் பொதியோடு போனோம். கடற்காற்று முகத்தில் மணலை அள்ளிப் போட்டது. இடிந்த கோட்டைச் சுவருக்கு அப்பால், வெளியாரைத் தொந்தரவு செய்யாத ஒரு மர நிழலில் கல் மூன்று வைத்து, கொண்டுபோன விறகில் உலை ஏற்றினோம். பொதியை அவிழ்த்தபோது கித்துள் கருப்பட்டி வெயிலில் கசிந்து வத்தலோடு ஒட்டியிருந்தது. பிரிக்க முடியாமல் அப்படியே போட்டுக் காய்ச்சினோம். உப்பும் மிளகும் இனிப்பும் ஒன்றாக ஏறிய சோறு. மருமகன் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். அன்றைய பக்கத்தின் கடைசி வரியில், அடுத்த முறை கருப்பட்டியைத் தனி ஓலையில் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.